நான்கு மணி நேர மரம்

செவ்வாய், வியாழன், சனி:
என் இரத்தம் உலாப் போய்த் திரும்பும் நாட்கள்.
இடது கையில் இரண்டு ஊசி.
பக்கத்தில் வாஷிங் மெஷின் மாதிரி ஒன்று முனகும்.
ஜன்னலில் வில்யாண்டி ஏரியின் ஒரு துண்டு.
கையை அசைத்தால் மெஷின் கத்தும்,
மெஷின் கத்தினால் நர்ஸ் காத்ரே கத்துவாள்.

இன்று சனி.
லீலோவை என் கட்டிலருகே விட்டுவிட்டு
மகள் எங்கோ போயிருக்கிறாள்.
ஒன்பது வயது. முழங்காலில் புல்கறை,
காதுக்குப் பின்னால் கழுவ மறந்த பச்சைச் சாயம்.
பத்து நாள் நாடக முகாம்.
நேற்று ராத்திரிதான் வந்தாள்.

"முதலில் கொசுவைச் சொல்கிறேன், தாத்தா."
கொசுவைச் சொன்னாள். அதற்கே கால் மணி நேரம்.
பிறகு வைக்கோல் கொட்டகை,
கருகின கஞ்சி,
ராத்திரி அழுத ரைகோ,
அவன் அழுததை யாரிடமும் சொல்வதில்லை
என்று அவள் செய்த சத்தியம்.
"வயிற்றிலிருந்து பேசு" என்று டீச்சர் சொன்னதும்
சட்டையைத் தூக்கித் தொப்புளைக் காட்டிப்
பேசிய ஒருவன்.

எதிர்க் கட்டில் உலோ
பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

கதை இதுதான்:
ஒரு கரடி வருகிறது.
ஊர்க் கிணற்றை ஒரே மூச்சில் குடித்துவிடுகிறது.
இளவரசி கிடையாது. தபால்காரர் உண்டு.

"நீ யார்?"
கேட்டிருக்கக் கூடாது.
ஷூ நாடாவையே பார்த்தாள்.
"மரம்."
"வசனம் உண்டா?"
"ஒன்று. மறந்துபோச்சு."

எல்லாரும் காத்திருந்தார்களாம்.
கொட்டகைக்கு வெளியே ஒரு மாடு கத்தியதாம்.
ஜனம் சிரித்ததாம்.
தபால்காரரே அவள் வசனத்தையும்
சேர்த்துச் சொல்லிவிட்டாராம்.
"மரம் மூக்கைத் துடைக்கக் கூடாது, தாத்தா.
அப்படியே விட்டேன். வாய்வரைக்கும் வந்தது."

எனக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.
ஐம்பது வருடம் டிராக்டர் ஓட்டியவன் நான்,
எந்த மேடையில் எதை மறந்தேன்.

உலோதான் கேட்டார்:
"அந்தக் கரடி வேஷம் காலியா?"

ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்,
சூப்பும் அதில் அடக்கம் என்று
டாக்டர் அளந்துவைத்த மனிதர்.
போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு
முழுக் கிணற்றையும் குடித்தார்.
கண்ணை மூடி, தொண்டை ஏறி இறங்க,
மெதுவாக,
டயாலிசிஸ் வார்டே பார்த்துக்கொண்டிருக்க.
நடுவில் ஒருமுறை நிறுத்தி ஏப்பமும் விட்டார்.

தூங்கிக்கொண்டிருந்த மைமுவைக் கிணறாக்கினாள்.
காத்ரே தபால்காரி;
ஊசி டிரேயோடு வந்தாள், கடிதம் என்று நீட்டினாள்.
"நீ மரம்" என்றாள் என்னிடம்.
"அசையவே கூடாது.
உனக்குப் பழக்கம்தானே."

நின்றேன். அதாவது, படுத்தேன்.
என் முறை நெருங்க நெருங்க
மூக்கு அரித்தது.
எந்தக் கை என்று யோசிப்பதற்குள்
இடது கை எழுந்துவிட்டது.

மெஷின் கத்தியது.

லீலோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு
தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
"மாடு! தாத்தா, அதே மாடு!"
மைமு விழித்து, யாருக்கு என்ன ஆச்சு என்றாள்.
காத்ரே திட்டிக்கொண்டே குழாயைச் சரிசெய்தாள்,
தோள் மட்டும் குலுங்கியது.

ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை
பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.
தன் விரலால்தான் பிடிப்பேன் என்றாள்.
பிடித்தபடியே காதுக்குள் சொன்னாள்:
"மேடையைவிட்டு இறங்கினதுமே ஞாபகம் வந்துடுச்சு.
'இங்கே தோண்டாதீர்கள்,
நான் குடித்துக்கொண்டிருக்கிறேன்.'
அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.

உலோ கோட்டு மாட்டிக்கொண்டு
வாசல்வரை போனவர், திரும்பி வந்தார்.
"பாப்பா, அந்தக் கிணற்றுத் தண்ணீர்
குளிர்ச்சியா?"

லீலோ நிஜமாகவே யோசித்தாள்.
"ரொம்ப. பல் கூசும்."

தலையாட்டினார்.
உதட்டை ஒருமுறை துடைத்துக்கொண்டு போனார்.